யாரும் தடுக்கவில்லை

குமொதானி,
1996 மே 12

அன்புத் தம்பி ரியோஹெய்க்கு,

இங்கே மலைச்சரிவில் ஊதாப் பூங்கொத்துகள் தொங்க ஆரம்பித்துவிட்டன. செந்தாயில் இன்னும் சால்வையை உள்ளே எடுத்து வைத்திருக்க மாட்டீர்கள். நீயும் யோரிகோவும் சுகந்தானா? உன் வயிற்றுப்புண் எப்படி இருக்கிறது?

நாங்கள் இந்த மலைக்கு வந்ததை நீ இன்னும் மன்னிக்கவில்லை என்று தெரியும். போன இலையுதிர்காலத்தில் நான் எழுதிய கடிதத்துக்கு நீ அனுப்பியது ஒரு தபால் அட்டை. அதில் பாதி இடம் காலி. போகட்டும். இப்போது உன்னிடம் ஒரு காரியம் ஆக வேண்டும்.

போன வருடம் தலைநகர ரயிலில் அந்தச் சாமியார் கூட்டம் விஷவாயு வைத்த நாளிலிருந்து, மலையில் சேர்ந்து வாழ்கிறவர்கள் எல்லாரும் கொலைகாரர்கள் என்று ஊர் முடிவு கட்டிவிட்டது. நாங்கள் நாற்பது பேர். விடியலில் ஊற்றங்கரையில் பாடுகிறோம், அந்த நீரைக் குடிக்கிறோம், மரம் வெட்டுகிறோம், காளான் வளர்க்கிறோம். இதுதான் எங்கள் ஊற்றுக்கண் சபை. சபையை நடத்தும் ஹமாசாகி ஐயா இதற்கு முன் ஓடு விற்றவர். அவரால் ஒரு கோழியைக்கூட அதட்ட முடியாது. ஆனால் மலைப்பாதையின் வாயிலில் ‘வெளியேறு’ என்று பலகை நட்டிருக்கிறார்கள். மளிகையும் விற்கும் ஒகுதா அம்மாளின் சாராயக்கடையில் எங்களுக்கு உப்புகூடத் தரக் கூடாது என்று எழுதித் தொங்குகிறது.

ஊர் அலுவலகம் எங்கள் பெயரைப் பதிய மறுக்கிறது. முன்பு இருந்த மட்சுவேயில் பெயரை எடுத்தாகிவிட்டது, இங்கே சேர்க்க மாட்டோம் என்கிறார்கள். சட்டப்படி நாங்கள் எங்குமே வசிக்கவில்லை. அதனால் மருத்துவக் காப்பீட்டு அட்டை கிடையாது. மகள் நாகிசாவுக்குப் பள்ளிக்கூடம் கிடையாது. அவளோடு இன்னும் மூன்று பிள்ளைகள். கல்விக்குழுத் தலைவரைப் போய்ப் பார்த்தேன். “படிச்சவங்க யாராவது, ஒரு சங்கம் கிங்கம், ‘இவங்களால ஆபத்தில்ல’ன்னு எழுதிக் குடுத்தா யோசிக்கலாம்மா” என்றார்.

என் தம்பி அப்படி ஒரு சங்கத்துக்குச் செயலாளர் என்று நான் அவரிடம் சொல்லவில்லை. உன்னைக் கேட்காமல் சொல்லக் கூடாது என்று வந்துவிட்டேன். எழுதித் தர முடியுமா?

உன் அத்தான் கட்சுமி சுகம். கொஞ்சம் இளைத்திருக்கிறார். ஊற்று நீரைக் குடம் குடமாய்க் குடிக்கிறார், குடித்தும் தாகம் அடங்கவில்லையாம். அந்த நீர் அவ்வளவு ருசி என்று எல்லாரும் சிரிக்கிறோம்.

உடம்பைப் பார்த்துக்கொள். காப்பியைக் குறை.

உன் அக்கா
மினெகோ


செந்தாய்,
1996 ஜூன் 20

அன்புள்ள அக்காவுக்கு,

மழைக்காலம் தொடங்கிவிட்டது. புத்தகங்களில் பூஞ்சை பிடிக்காமல் காப்பதே வேலையாக இருக்கிறது. நாங்கள் சுகம். உங்கள் மூவரின் நலத்தையும் கேட்டதாக யோரிகோ எழுதச் சொன்னாள்.

நீ கேட்டது முடியாது. கோபப்படாமல் படி.

எங்கள் சமய ஆய்வாளர் சங்கத்தில் முந்நூறு பேர் இருக்கிறோம். கோயில் மகனும் உண்டு, தேவாலயத்துக்குப் போகிறவரும் உண்டு, எதையும் நம்பாதவர்களும் உண்டு. ஒரே அறையில் உட்கார்ந்து நாங்கள் பேச முடிவதற்குக் காரணம் ஒன்றுதான். எந்த நம்பிக்கையையும் நல்லது என்றும் சொல்ல மாட்டோம், கெட்டது என்றும் சொல்ல மாட்டோம். எப்படி இருக்கிறது என்று மட்டும் எழுதுவோம். இந்த ஒழுங்குக்காக எங்களுக்கு முந்தியவர்கள் நிறையச் சண்டை போட்டிருக்கிறார்கள். மதகுருக்களும் அரசாங்கமும் எங்களைத் தங்கள் முத்திரைக் கட்டையாக ஆக்கிக்கொள்ளாமல் இருப்பது இதனால்தான்.

மீறினால் என்ன ஆகும் என்பதையும் பார்த்துவிட்டோம். எங்கள் உறுப்பினர் ஒருவர் மேற்கே ஒரு சின்னக் குழுவைப் பற்றி நல்லபடியாக எழுதினார். பிறகு அங்கே பிள்ளைகளைப் பட்டினி போட்டது வெளியே வந்தது. பத்திரிகைக்காரர்கள் அவர் வகுப்பறை வாசலில் கேமராவோடு நின்றார்கள். அவர் இப்போது எங்கே இருக்கிறார் என்றுகூடத் தெரியவில்லை. அதற்குப் பிறகு சங்கத்தில் எல்லாரும் வாயைக் கட்டிக்கொண்டிருக்கிறோம்.

நீங்கள் கீழே இறங்கி வந்துவிடுங்கள். இங்கே ஓர் அறை காலியாகத்தான் இருக்கிறது. நாகிசாவை அடுத்த வாரமே பள்ளியில் சேர்த்துவிடலாம். அத்தானுக்கு என் வணக்கம்.

மழையில் நனையாதே.

தம்பி
ரியோஹெய்


குமொதானி,
1996 ஜூலை 28

புரபசர் தம்பிக்கு,

சிள்வண்டுச் சத்தத்தில் இங்கே பேசுவது கேட்கவில்லை. இந்த வெக்கையில் இதை எழுதுகிறேன். நீங்கள் இருவரும் நலமாக இருக்க வேண்டும்.

உன் கடிதத்தை நாகிசாவிடம் படித்துக் காட்டினேன். “மாமா நம்மளப் பத்தி எழுதியிருக்காரா, அவங்க சங்கத்தப் பத்தி எழுதியிருக்காரா?” என்று கேட்டாள். நீயே சொல்.

நல்லது என்று எழுத வேண்டாம். கெட்டது என்றும் எழுத வேண்டாம். வந்து பார்த்து, இருப்பதை எழுதுவோம் என்கிறாயே, அதைத்தான் நானும் கேட்கிறேன். வந்து பார்க்காமல் இருப்பது எந்த ஒழுங்கில் சேர்த்தி? சின்ன வயதில் பக்கத்து வீட்டில் சண்டை நடந்தால் நீ ஜன்னலைச் சாத்திவிட்டுப் பாடம் படிப்பாய். அப்பா உன்னைத்தான் புகழ்வார். நான் சுவரேறிப் பார்த்ததற்கு அடி வாங்குவேன்.

பள்ளி திறந்த நாளிலிருந்து நாகிசா தினமும் காலையில் பையை முதுகில் மாட்டிக்கொண்டு பாதை வாயில்வரை போகிறாள். பலகைக்கு அடியில் நின்று, மற்ற பிள்ளைகள் போவதைப் பார்த்துவிட்டுத் திரும்பி வருகிறாள். போகாதே என்றாலும் கேட்பதில்லை. அங்கே யாரும் அவளை ஒன்றும் சொல்வதில்லையாம். அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

எங்களால் இறங்கி வர முடியாது. கட்சுமி வர மாட்டார். பூட்ஸ் கடித்து அவர் குதிகாலில் ஒரு புண். சின்னதுதான், ஆற நாளாகிறது. வெயில் குறையும்வரை சரிவின் உச்சியில் இருக்கும் மேல் வீட்டில் படுத்திருக்கட்டும் என்று விட்டிருக்கிறேன். அங்கே காற்று வரும்.

தர்பூசணி நிறையச் சாப்பிடு. உன் வயிற்றுக்கு நல்லது.

அக்கா


செந்தாய்,
1996 ஆகஸ்ட் 30

அன்புள்ள அக்காவுக்கு,

பகலில் இன்னும் அனல். மாலையில் மட்டும் புல்லுக்குள் வேறு பூச்சிகள் கத்தத் தொடங்கியிருக்கின்றன. அங்கே எல்லாரும் சுகம் என்று நம்புகிறேன். அத்தான் கால் ஆறியிருக்கும்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு எனக்கு எரிச்சல் வந்தது. அந்த எரிச்சலோடுதான் சங்கத் தலைவர் குராமொச்சி ஐயாவிடம் போனேன். ஊர் பெயரைச் சொல்லி, கல்விக்குழு இப்படிக் கேட்கிறது என்றேன். எழுபது வயதைத் தாண்டியவர், மறுத்துவிடுவார் என்று நினைத்தேன். “ஒரு வருஷமா நாம யாரும் எந்த மலையும் ஏறலையே, ரியோஹெய். எழுதப் பயமா, பாக்கவே பயமா?” என்றார். குழுவில் கூச்சல்தான். கடைசியில் ஒப்புக்கொண்டார்கள். அக்டோபரில் மூன்று பேர் வருகிறோம். தலைவர், கிராம வரைபடங்கள் போடும் சகா ஒருவர், நான்.

அறிக்கை வெளியாவதற்கு முன் உங்களிடம் காட்டுவோம். இது இந்த முறை புதிதாகச் சேர்த்த விதி. வேறு விதிகளும் உண்டு. உங்கள் வீட்டை ‘கட்சுமி குடும்பம்’ என்றே பட்டியலில் போட்டிருக்கிறேன். மற்ற வீடுகளையும் அப்படித்தான் போட்டிருக்கிறது.

இன்னொன்று சொல்ல வேண்டும். எழுதி எழுதி அடிக்கிறேன், வரவில்லை. நேரில் புரிந்துகொள்வாய்.

உடம்பு பத்திரம்.

ரியோஹெய்


குமொதானி,
1996 அக்டோபர் 4

தம்பிக்கு,

கதிர் அறுத்துக் கட்டித் தொங்கவிட்டாயிற்று. எல்லாரும் இருக்கிறோம். உங்கள் சுகத்துக்கு ஊற்றங்கரையில் வேண்டிக்கொண்டேன், நீ நம்பாவிட்டாலும்.

வாருங்கள். காளான் சோறும் மலைக்கிழங்கும் உண்டு. தலைவருக்குப் பல் சரியில்லை என்றால் முன்னாலேயே சொல், கிழங்கைத் துருவிவிடுகிறேன். நாகிசா தானாகவே கணக்குப் போட்டு வைத்திருக்கிறாள், உன்னிடம் காட்டத்தான்.

ஒன்று கேட்கிறேன். வந்ததும் கட்சுமியிடம் தனியாகக் கொஞ்சம் பேசு. உன் பேச்சை அவர் மதிப்பார். என்ன பேச வேண்டும் என்று நேரில் சொல்கிறேன். மறந்துவிடாதே.

அக்கா


செந்தாய்,
1996 நவம்பர் 10

அன்புள்ள அக்காவுக்கு,

மேப்பிள் இலைகள் சிவந்து பாதி உதிர்ந்துவிட்டன. ஊருக்குத் திரும்பியதும் எனக்குச் சளி, அதனால்தான் தாமதம். இப்போது பரவாயில்லை. நீங்கள் எல்லாரும் எப்படி இருக்கிறீர்கள்?

எங்களுக்கு நீங்கள் செய்த உபசாரத்தைக் குராமொச்சி ஐயா இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார். கிழங்கை மூன்று கிண்ணம் சாப்பிட்டார்.

பாதை வாயிலில் நீ சமாளித்துக்கொண்டாய். அதற்கு நன்றி. சங்கத்தின் விதி அப்படி. விளக்கமாக இன்னொரு நாள் எழுதுகிறேன்.

அத்தானைப் பார்க்க முடியவில்லை. பக்கத்துப் பள்ளத்தாக்குக்கு மரவேலைக்குப் போயிருப்பதாக நீ குராமொச்சி ஐயாவிடம் சொன்னாய். ஏதோ பேசச் சொல்லி எழுதியிருந்தாயே, அது என்ன? நாகிசாவின் கணக்குகளையும் சரியாகப் பார்க்க நேரம் கிடைக்கவில்லை. அவளிடம் சொல்.

அறிக்கை நல்லபடியாக வருகிறது. நான் எதிர்பார்த்ததைவிட நல்லபடியாக. பதில் போடு.

ரியோஹெய்


செந்தாய்,
1997 ஜனவரி 19

அக்காவுக்கு,

பனி முழங்கால் உயரம். அங்கேயும் அப்படித்தான் இருக்கும். கட்டையும் கரியும் போதுமான அளவு இருக்கின்றனவா? உடம்பு எப்படி?

நவம்பரில் எழுதினேன். டிசம்பரில் எழுதினேன். பதில் இல்லை. உன்னிடமிருந்து புத்தாண்டு வாழ்த்து அட்டையும் வரவில்லை. நீ எட்டாம் வகுப்பிலிருந்து ஒரு வருடம்கூடத் தவறாமல் அனுப்புகிறவள். துக்கம் நடந்த வீட்டில்தானே அனுப்ப மாட்டார்கள் என்று யோரிகோ சொன்னாள். மலைத் தபால் பனியில் சிக்கியிருக்கும் என்று அவள்மேல் எரிந்து விழுந்தேன். அன்றிலிருந்து ஒரு வேலையும் ஓடவில்லை. தபால்காரரின் வண்டிச் சத்தம் கேட்டால் வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டு ஜன்னலுக்குப் போகிறேன்.

அறிக்கையின் வரைவை இத்துடன் அனுப்புகிறேன். எல்லா வீடுகளுக்கும் அனுப்பியிருக்கிறோம். மார்ச் பொதுக்குழுவில் நிறைவேறினால் நேரே கல்விக்குழுவுக்குப் போகும். ‘மருத்துவம் பெறுவதிலிருந்து இச்சபையில் யாரும் யாரையும் தடுக்கவில்லை’ என்ற வரியைத்தான் ஊர் முக்கியமாகப் பார்க்கும். தலைவர் ஒவ்வொரு வீட்டிலும் கேட்டு உறுதி செய்த வரி அது.

ஒரே ஒரு வரியாவது எழுது.

ரியோஹெய்


குமொதானி,
1997 பிப்ரவரி 16

தம்பிக்கு,

பனி இன்னும் விடவில்லை. பிளம் மரத்தில் மட்டும் மொட்டு தெரிகிறது. உன் சளி போய்விட்டதா? யோரிகோவைத் திட்டாதே. அவள் சொன்னது சரி.

கட்சுமி டிசம்பர் நடுவில் இறந்துவிட்டார்.

வரைவைப் படித்தேன். அந்த வரியை நாகிசாவிடம் கொடுத்து உரக்கவும் படிக்கச் சொன்னேன். அது உண்மைதான். யாரும் தடுக்கவில்லை. எப்படித் தடுக்கவில்லை என்று எழுதுகிறேன், கேள்.

அவருக்குச் சர்க்கரை என்பது உனக்குத் தெரியும். உன் கல்யாண விருந்தில் எழுந்துபோய் ஊசி போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தாரே. இங்கே வந்தபோது மருந்து கையில் இருந்தது. காப்பீட்டு அட்டை இல்லாததால் புதிதாக வாங்கப் போக யோசித்தார். இருந்ததைப் பாதிப் பாதியாகப் போட்டுக்கொண்டார். போன வசந்தத்தில் ஒருநாள் ஹமாசாகி ஐயா பாட்டு முடிந்து பேசும்போது, உள்ளே நீர் தெளிந்தால் வெளியே மருந்து எதற்கு என்றார். அவர் பொதுவாகச் சொன்னார். கட்சுமியைப் பார்த்துச் சொல்லவில்லை. ஆனால் கட்சுமி கேட்டுக்கொண்டார். மறுநாளிலிருந்து ஊசி இல்லை. அந்தத் தாகத்தை நாங்கள் ருசி என்று சிரித்தோம்.

நான் அவரைப் போ என்று சொல்லவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னால், நான் ஊற்றை நம்பாதவள் என்று ஆகிவிடும். போகாவிட்டால் அவர் கால். தினமும் இரண்டுக்கும் நடுவில் நின்று சமைத்துக்கொண்டிருந்தேன். அதனால்தான் உன்னை அவரிடம் பேசச் சொன்னேன். வெளியாள் வந்து சொன்னால் அவருக்கும் இறங்கிப்போக ஒரு சாக்கு கிடைக்கும் என்று நினைத்தேன்.

நீங்கள் வந்த அன்று நான் பாதை வாயில்வரை ஓடி வந்தேன். நீ தலைவருக்குப் பின்னால் வந்தாய். என்னைப் பார்த்ததும் இடுப்புவரை குனிந்தாய். “முதல் தடவையா சந்திக்கிறோம். சமய ஆய்வாளர் சங்கத்துச் செயலாளர் நான். உங்க ஒத்துழைப்புக்கு ரொம்ப நன்றிங்க” என்று உன் பெயர் அட்டையை இரண்டு கையாலும் நீட்டினாய். உறவுக்காரர் ஆய்வுக்கு வரக் கூடாது என்பதுதான் நீ எழுத முடியாமல் அடித்த விதி என்று அந்த நிமிடத்தில் புரிந்தது. அட்டையை வாங்கிக்கொண்டு நானும் குனிந்தேன். பக்கத்தில் நின்ற நாகிசா உன் முகத்தையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளைக் கிள்ளி உள்ளே அனுப்பினேன். அவள் கணக்குகளைக் கொண்டுவரவே இல்லை, உனக்கு நேரம் இல்லாமல் போகவில்லை.

தலைவர் என் வீட்டுக்காரர் எங்கே என்று கேட்டார். கட்சுமி அப்போது மேல் வீட்டில் கிடந்தார். கால் கறுத்துவிட்டிருந்தது. நாற்றம் தெரியாமல் இருக்கத் தேவதாரு இலை எரித்துக்கொண்டிருந்தேன். என் தம்பி கேட்டிருந்தால் அழைத்துப் போயிருப்பேன். கேட்டது சங்கம். சங்கத்துக்கு என்ன சொல்வார்களோ அதைச் சொன்னேன்.

டிசம்பரில் அவருக்கு நினைவு தப்பியது. மரப்பலகையில் கட்டி இழுத்துக்கொண்டு நானும் இன்னொரு பெண்ணும் கீழே இறங்கினோம். ஒகுதா அம்மாள் கடைக்கு வெளியேதான் பொதுத் தொலைபேசி. கையில் சில்லறை இல்லை. அவள் கதவைத் திறந்து பார்த்தாள். “ஆம்புலன்ஸ் இந்தப் பனியில எப்ப வந்து சேர. வண்டில ஏத்து” என்றாள். சாராயப் புட்டிகளைப் பனியில் இறக்கிவைத்துவிட்டு, அந்த வண்டியிலேயே ஓட்டிக்கொண்டு வந்தாள். வழியெல்லாம் என்னைத் திட்டிக்கொண்டே வந்தாள். “உனக்குக் கண்ணு இல்லையா, மூக்கு இல்லையா?” என்றாள். எனக்கு அது ஆறுதலாக இருந்தது. அத்தனை மாதத்தில் ஒருவராவது என்னைத் திட்டியிருக்கலாம். ஆஸ்பத்திரியில் காலை எடுத்தார்கள். அதற்குப் பிறகும் அவர் பிழைக்கவில்லை.

ஹமாசாகி ஐயா சாம்பலுக்கு முன்னால் உட்கார்ந்து அழுதார். நான் சொல்லலையேம்மா, நான் அவர்கிட்ட சொல்லலையே என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். நானும் சொல்லவில்லை. ஊரும் சொல்லவில்லை. நீயும் கேட்கவில்லை.

இதையெல்லாம் உன் அறிக்கையில் போடு. போட்டால் பள்ளி கிடைக்காது என்று தெரியும். மலையில் இருப்பவர்கள் என்னை விரட்டவும் கூடும். ஆனாலும் அந்த ஒரு வரியை அப்படியே விட்டுவிட்டு, அதன்மேல் என் மகள் நடந்து பள்ளிக்கூடம் போக வேண்டாம்.

நாங்கள் இருவரும் சாப்பிடுகிறோம், தூங்குகிறோம். கவலைப்படாதே என்று எழுத வேண்டும் என்று கை வருகிறது. கவலைப்படு.

அக்கா


செந்தாய்,
1997 மார்ச் 27

அக்காவுக்கு,

எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. நாகிசாவும் நீயும் இருக்கிறீர்கள் என்பதே எனக்குப் போதும். யோரிகோ அத்தானுக்காக வீட்டில் விளக்கேற்றி வைத்திருக்கிறாள். நான் உடனே கிளம்பி வந்திருக்க வேண்டும். முகத்தை எப்படிக் காட்டுவது என்று நாளைக் கடத்தினேன். பிறகு, பொதுக்குழுவுக்கு முன் வந்தால் உன் கண்ணீரைக் காரணம் காட்டி அங்கே தப்பித்துக்கொள்வேன் என்று பட்டது. அதனால் முதலில் அங்கே போனேன். நடந்ததைச் சொல்கிறேன்.

அறிக்கைக்கு முன்பாகவே எழுந்து நின்றேன். கட்சுமி குடும்பத்து மினெகோ என் கூடப்பிறந்த அக்கா என்றேன். அதை மறைத்துத்தான் குழுவில் இடம் பிடித்தேன் என்றேன். பின்வரிசையில் ஒருவர், “சொந்த அக்காவுக்கா விசிட்டிங் கார்டு குடுத்தீங்க?” என்று கேட்டார். யாரோ சிரித்தார்கள், பிறகு நிறுத்திக்கொண்டார்கள். உன் கடிதத்தைப் படித்தேன். பாதிக்கு மேல் முடியவில்லை, வரைபடம் போட்ட சகா வாங்கி மீதியைப் படித்தார்.

அதன்பிறகு சண்டை. அறிக்கையைக் கிழித்துப் போட வேண்டும் என்றார்கள். நம்மைத் திரும்பவும் பத்திரிகை வாசலில் நிறுத்திவிட்டான் என்றார்கள். ஒரு வயதான அம்மையார், கோபமே இல்லாமல், உறவு கூடாது என்ற விதி எதற்கு இருக்கிறது என்று இப்போது எல்லாருக்கும் தெரிகிறதா என்று கேட்டார். அவர் சொன்னதும் சரிதான்.

அந்த வரி உண்மைதானே, எதற்கு மாற்ற வேண்டும் என்று ஒருவர் கேட்டபோதுதான் குராமொச்சி ஐயா எழுந்தார். எங்கள் வரைபடத்தைப் பலகையில் விரித்தார். “இந்தா இருக்கு மேல் வீடு. நாமதான் குறிச்சோம். சதுரமா, அழகா. ஒருத்தரும் ஏறிப் போய்ப் பாக்கல. நானும்தான். முட்டி வலின்னு கீழயே உக்காந்து மூணு கிண்ணம் கிழங்கு சாப்பிட்டேன்” என்றார். பிறகு அவர் முன்மொழிந்தார். என் பெயரை எடுத்துவிட்டு அறிக்கை போகட்டும். அந்த வரிக்குப் பதிலாக நடந்தது முழுக்க வரட்டும், உன் வாயால், உன் பெயரில், வெட்டாமல். சங்கத்தின் இதழில் நம்புகிறவர்களின் பேச்சை நாங்கள் மேற்கோளாக நறுக்கித்தான் இதுவரை போட்டிருக்கிறோம். இனி எல்லாரும் எழுதி அனுப்புவார்கள், அப்புறம் நாம் எதற்கு என்று ஒருவர் கேட்டார். அந்தக் கேள்வி அப்படியே நின்றது. கை தூக்கினார்கள். கொஞ்ச வித்தியாசத்தில் நிறைவேறியது.

செயலாளர் பதவியிலிருந்து என்னை நீக்கினார்கள். இதழில் எழுதவும் கொஞ்ச காலத்துக்குத் தடை. வெளியே வந்து ரயில் நிலையம்வரை நடந்தேன். எனக்கு வருத்தமா நிம்மதியா என்று இன்றைக்கும் பிடிபடவில்லை. உட்கார்ந்தால் எழுந்துகொள்கிறேன், எழுந்தால் எங்கே போவதென்று தெரியவில்லை.

நீ விரும்பாவிட்டால் உன் பகுதியை அச்சுக்குப் போகுமுன் நிறுத்திவிடலாம். சொல். நான் வரலாமா என்பதையும் சொல். நாகிசா என்னைப் பார்க்க விரும்புவாளா?

உன் தம்பி
ரியோஹெய்


குமொதானி,
1997 ஏப்ரல் 24

தம்பிக்கு,

செர்ரி இங்கே தாமதமாகத்தான் பூக்கும், போன வாரம் பூத்துக் கொட்டியும் விட்டது. நாகிசா சுகம். நானும் சுகம் என்றே எழுதலாம். சரியாகச் சாப்பிடுகிறாயா? யோரிகோவிடம் கேட்டால்தான் உண்மை தெரியும்.

நிறுத்த வேண்டாம். எல்லாம் முன்பே வெளியே வந்துவிட்டது. கல்விக்குழுவுக்கு உங்கள் அறிக்கை போன மறுநாள் உள்ளூர்ப் பத்திரிகையில் கட்சுமி செத்தது மட்டும் வந்தது. பெயர் பதிய மறுத்ததும் அட்டை இல்லாததும் வரவில்லை. ஊர்க்கூட்டம் போட்டார்கள். என்னையும் வரச் சொன்னார்கள், போனேன். ஒரு மனிதரைச் சாகவிட்ட கூட்டத்தின் பிள்ளைகளை நம் பிள்ளைகளோடு உட்காரவைப்பதா என்று ஒருவர் ஆரம்பித்தார். எல்லாரும் தலையாட்டினார்கள்.

ஒகுதா அம்மாள் எழுந்தாள். அவள் எங்களுக்காகப் பேசவில்லை. இன்றைக்கும் அந்தக் கடையில் எனக்கு உப்பு கிடையாது. “அங்க ஒரு ஆளு காலு அழுகிச் செத்திருக்கான். புள்ளைங்களயும் அங்கயே விட்டுவைக்கப் போறீங்களா? பள்ளிக்கூடத்துல உக்காந்தா தினமும் வாத்தியாராவது மூஞ்சியப் பாப்பாரு. இளச்சிருக்கா, நொண்டுதான்னு தெரியும். அட்டையும் குடுங்க. அது இருந்திருந்தா அவன் கீழ வந்திருப்பானோ என்னமோ” என்றாள். அலுவலக ஆட்கள் தரையைப் பார்த்தார்கள்.

பிள்ளைகள் நான்கு பேரின் பெயரையும் பதிந்துவிட்டார்கள். பெரியவர்களுடையது பரிசீலனையில் இருக்கிறதாம். நாகிசா பள்ளிக்குப் போகிறாள். யாரும் அவளோடு பேசுவதில்லை, ஒரு பையன் மட்டும் அழிரப்பர் கடன் கேட்டிருக்கிறான். அவள் உன்மேல் கோபமாக இருக்கிறாள். எவ்வளவு நாள் இருக்கும் என்று எனக்குச் சொல்லத் தெரியாது. வா. அவள் கோபத்தை வந்து வாங்கிக்கொள்.

நான் மலையை விட்டு இறங்கவில்லை. நீ இதைப் படித்துவிட்டுத் தலையில் கைவைப்பாய். காலையில் பாடும்போது என் இருபக்கமும் இடம் விட்டு நிற்கிறார்கள். நான் ஊற்றங்கரையில் வைத்த வாளியை யாரோ கவிழ்த்துவிட்டார்கள். ஆனால் அந்த நீருக்கு முன்னால் நிற்கும்போதுதான் எனக்குக் கொஞ்சமாவது மூச்சு வருகிறது. அது பொய் என்று எனக்கு இன்னும் தோன்றவில்லை. நீ உன் சங்கத்தில் இதற்கு ஏதாவது பெயர் வைத்திருப்பாய். எனக்குப் பெயர் தெரியவில்லை, அமைதியும் இல்லை.

இன்று எங்கள் சபையில் இருக்கும் கிசாகி தாத்தா, யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்து என்னிடம் வந்தார். ரொம்ப நாளாக அவருக்கு நெஞ்சில் அடைப்பு. ஆஸ்பத்திரிக்குக் கூட வருகிறாயா என்று கேட்டார். ஒளிந்து போக மாட்டேன் என்று சொல்லி, நேரே ஹமாசாகி ஐயாவிடம் போனேன். நாளைக் காலை அவரை அழைத்துக்கொண்டு கீழே போகிறேன், நாளைக்கு மட்டுமல்ல, யார் கேட்டாலும் போவேன் என்றேன். ஐயா ஊற்று நீரிலிருந்து என் பக்கம் திரும்பினார். முகம் நோயாளியின் முகம்போல வீங்கியிருந்தது. அதை நான் இன்றைக்குத்தான் கவனித்தேன்.

பிறகு மெதுவாகக் கேட்டார். “பஸ்ல எனக்கும் ஒரு இடம் இருக்குமா, மினெகோ?”

விடியற்காலைப் பயணத்துக்கு மூன்று பேருக்கும் சோறு கட்ட வேண்டும். இத்துடன் நிறுத்துகிறேன். நீ வரும் நாளை எழுது.

அக்கா
மினெகோ